ஈஸ்ட்ரோஜன் மருந்து: மருத்துவர் எழுதிக் கொடுத்ததைப் பாதுகாப்பாக எடுத்துக்கொள்ள ஓர் எளிய விளக்கம்

இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் மருந்துக்கடைக்கு வருபவர்கள் எல்லோரும் மருந்துச் சீட்டோடு வருவதில்லை. தீர்ந்துபோன மாத்திரை அட்டையை நீட்டி, இதே மாதிரி இன்னொன்று வேண்டும் என்று கேட்பவர்களும் பலர். சில மருந்துகளில் இந்தப் பழக்கத்தால் பெரிய தீங்கு நேராமல் போகலாம். ஈஸ்ட்ரோஜன் கலந்த மருந்தில் நிலைமை வேறு. அது ஒருவருக்கு நன்மை செய்யுமா தீங்கு செய்யுமா என்பது, அட்டையில் அச்சிட்டிருப்பதைக் காட்டிலும், அதை உட்கொள்பவரின் உடலைப் பொறுத்தே அமைகிறது. கர்ப்பப்பை இருக்கிறதா, வயது என்ன, முன்பு எப்போதாவது காலிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்ததுண்டா, வேறு என்ன மாத்திரைகள் எடுத்துக்கொள்கிறார் என்ற கேள்விகளுக்கு ஆளுக்கு ஆள் விடை மாறும். அதே ஆளுக்கு ஆண்டுக்கு ஆண்டும் மாறும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பொருத்தமாக இருந்த மருந்து இன்றும் பொருத்தமாக இருக்கும் என்று பழைய அட்டை உறுதி கூறாது.

ஈஸ்ட்ரோஜன் என்பது ஒரே ஒரு பொருளின் பெயரன்று, பெண்மைக்குரிய ஹார்மோன்களின் ஒரு குடும்பத்தின் பெயர். எஸ்ட்ராடையால், எஸ்ட்ரோன், எஸ்ட்ரியால் என்ற மூன்றும் அக்குடும்பத்தில் முதன்மையானவை. கொலஸ்ட்ராலை மூலப்பொருளாகக் கொண்டு சினைப்பைகள் இவற்றைச் சுரக்கின்றன. கொழுப்புத் திசுவிலும் ஓரளவு உருவாகிறது. கர்ப்பகாலத்தில் நஞ்சுக்கொடி பெருமளவில் உண்டாக்குகிறது. ஆண்களின் உடலிலும் சிறிதளவு இருக்கிறது. பருவமடையும்போது மார்பக வளர்ச்சி, மாதந்தோறும் கர்ப்பப்பையின் உட்படலம் தடிப்பது, எலும்பின் உறுதி, பிறப்புறுப்பிலும் சிறுநீர்ப்பாதையிலும் ஈரப்பதம், உடல் வெப்பத்தை மூளை சீராக வைத்திருப்பது ஆகிய அனைத்திலும் இதற்குப் பங்குண்டு. 1929இல் அமெரிக்காவில் எட்வர்ட் டாய்சியும் ஜெர்மனியில் அடால்ஃப் பூட்டனான்ட்டும் தனித்தனியே எஸ்ட்ரோனைப் பிரித்தெடுத்தனர். 1942இல் சினைப்பட்ட குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் கலவை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதன் நன்மைகளையும் தீமைகளையும் பற்றிய அறிவு அதற்குப் பின் பல பத்தாண்டுகளில், சில வேளைகளில் கசப்பான அனுபவங்களின் வழியே, சேர்ந்தது.

யாருக்கு எழுதிக் கொடுக்கிறார்கள்?

முதலாவதாக, மாதவிடாய் நிற்கும் பருவத்துத் தொல்லைகளால் அன்றாட வாழ்க்கையே பாதிக்கப்படும் பெண்களுக்கு. இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதி வெக்கையாகவே இருப்பதால், பல பெண்கள் தங்களுக்கு வரும் சூட்டலையை வெயிலின் கொடுமை என்று எண்ணிப் பொறுத்துக்கொண்டுவிடுகிறார்கள். இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. ஹார்மோன் குறைவால் வரும் சூடு நெஞ்சிலோ முகத்திலோ திடீரென்று மூண்டு மேலெழும்பி, சில நிமிடங்கள் நீடித்து, வியர்வையாகப் பெருகி, அதன்பின் குளிர் நடுக்கத்தைக்கூடக் கொடுத்துவிட்டு அடங்கும். மார்கழி இரவிலும் தூக்கத்தைக் கலைத்து எழுப்பும். 45 வயதைக் கடந்த பெண்ணுக்கு மாதவிலக்கு முறை தவறி இவ்வறிகுறிகளும் இருந்தால், பெரும்பாலும் இரத்தப் பரிசோதனை இல்லாமலேயே மருத்துவர் முடிவுக்கு வந்துவிடலாம். எனினும் இருமலோடும் எடை குறைவோடும் இரவில் வியர்த்தால் காசநோயையும், கைநடுக்கமும் படபடப்பும் இருந்தால் தைராய்டையும் முதலில் பார்க்க வேண்டும். எல்லா வியர்வையையும் மாதவிடாய் நின்றதன் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

இரண்டாவது வகையினரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இவர்களில் பலர் தங்களுக்கு இம்மருந்து தேவை என்பதையே அறியாமல் இருக்கிறார்கள். 40 வயதுக்கு முன்பே சினைப்பைகள் செயலிழந்த பெண்களும், இளவயதிலேயே அறுவை சிகிச்சையில் இரு சினைப்பைகளையும் இழந்த பெண்களும் இவர்கள். ‘கர்ப்பப்பையை எடுத்தாயிற்று’ என்று சொல்லும் பெண்களிடம், சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தார்களா என்று கேட்டால் பலருக்கு விடை தெரிவதில்லை. அவர்களுக்கு அதை யாரும் விளக்கிச் சொல்லவில்லை என்பது வருந்தத்தக்க உண்மை. கர்ப்பப்பையை மட்டும் எடுத்திருந்தால் மாதவிலக்கு நின்றுபோகும், ஆனால் சினைப்பைகள் தொடர்ந்து ஹார்மோனைச் சுரந்துகொண்டிருக்கும். சினைப்பைகளும் போயிருந்தால் உடலின் ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் சரிந்துவிடும். சூட்டலைகள் கடுமையாக வரும், எலும்பு விரைவாகத் தேயும், இதய நோய்க்கான வாய்ப்பும் கூடும். இத்தகைய இளம்பெண்களுக்கு, தடைக்காரணம் ஏதும் இல்லையென்றால், இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயது வரையிலாவது ஹார்மோனைக் கொடுப்பதே மருத்துவ வழக்கம். அவர்களுடைய உடலில் இருந்திருக்க வேண்டியதைத் திருப்பித் தருவது அது. ஆகவே அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒவ்வொரு பெண்ணும் மருத்துவமனையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்து, எது எடுக்கப்பட்டது என்பதை மருத்துவரிடமோ செவிலியரிடமோ படித்துக் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். இதன்பின் நான் சொல்லப்போகும் பாதுகாப்பு விதிகளில் பாதி அந்த ஒரு தாளைச் சார்ந்திருக்கிறது.

இவர்கள் தவிர, டர்னர் நோய்க்குறி என்னும் பிறவிக் குறைபாடு போன்ற காரணங்களால் தாமாகப் பருவமடையாத சிறுமியருக்கும், குழந்தைப்பேற்றுச் சிகிச்சையில் உள்ளவர்களுக்கும், தம் உடலைத் தம் பாலின உணர்வுக்கு இசைவாக்கிக்கொள்ளும் திருநங்கைகளுக்கும் ஈஸ்ட்ரோஜன் எழுதப்படுகிறது. கருத்தடை மாத்திரைகளில் பெரும்பாலானவற்றிலும் அது உண்டு.

மில்லிகிராம் எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம்

அரசு சுகாதார நிலையங்களில் விலையின்றிக் கிடைக்கும் மாலா-என் மாத்திரையில் எத்தினைல் எஸ்ட்ராடையால் 0.03 மி.கி. உள்ளது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு எழுதப்படும் எஸ்ட்ராடையால் மாத்திரையில் 1 அல்லது 2 மி.கி. இருக்கும். இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் கருத்தடை மாத்திரைதான் மிக மென்மையானது என்று முடிவுகட்டக்கூடும். உண்மை அதற்கு நேர்மாறானது. எத்தினைல் எஸ்ட்ராடையால் ஆய்வகத்தில் மாற்றியமைக்கப்பட்ட பொருள். கல்லீரலால் எளிதில் சிதைக்க முடியாது. இரத்தம் உறையச் செய்யும் புரதங்களைக் கல்லீரல் உண்டாக்குவதை அது பலமாகத் தூண்டும். அதனால்தான் அவ்வளவு சிறிய அளவிலேயே அது வேலை செய்கிறது. உடலில் இயற்கையாக உள்ளதைப் போன்ற எஸ்ட்ராடையாலுக்கு அந்த அளவு வீரியம் இல்லை. ஆகவே ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை, இதிலும் ஈஸ்ட்ரோஜன்தானே இருக்கிறது என்று மாற்றி எடுப்பது ஆபத்தானது.

இதனால் கருத்தடை மாத்திரையே வேண்டாம் என்று யாரும் பொருள்கொள்ள வேண்டாம். எந்த ஹார்மோனும் எடுக்காத இளம்பெண்களில் ஓராண்டில் 10,000 பேருக்கு ஏறத்தாழ 2 பேருக்கு இரத்தக்குழாயில் உறைகட்டி ஏற்படுகிறது என்றும், ஈஸ்ட்ரோஜனோடு லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற மற்றொரு ஹார்மோனும் கலந்த கருத்தடை மாத்திரையை எடுப்பவர்களில் அது 5 முதல் 7 பேருக்கு ஏற்படுகிறது என்றும் ஐரோப்பிய மருந்து முகமை மதிப்பிட்டுள்ளது. கர்ப்பகாலத்திலும் பேறுகாலத்திலும் உறைகட்டிக்கான வாய்ப்பு இதைவிடக் கூடுதல். நலமாக உள்ள இளம்பெண்ணுக்கு இது சிறிய ஆபத்தே. 35 வயதைக் கடந்து புகைபிடிப்பவருக்கும், உயர் இரத்த அழுத்தம் உள்ளவருக்கும், கண்முன் மின்னல் கோடுகள் தோன்றி அதன்பின் ஒற்றைத் தலைவலி வருபவருக்கும் அது சிறிய ஆபத்தன்று. அவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் இல்லாத வேறு கருத்தடை முறைகள் உள்ளன.

இராமேசுவரத்துக்கு யாத்திரை வரும் குடும்பங்களிலும், உள்ளூர்த் திருவிழா, திருமணக் காலங்களிலும் பெண்கள் கேட்டு வாங்கும், மாதவிலக்கைத் ‘தள்ளிப்போடும் மாத்திரை’யைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது பெரும்பாலும் நாரெத்திஸ்டெரோன். ஈஸ்ட்ரோஜன் அன்று, புரோஜெஸ்டிரோன் என்ற மற்றொரு ஹார்மோனின் வகையைச் சேர்ந்தது. ஆனால் தள்ளிப்போடுவதற்காக எடுக்கும் அளவில் அதன் ஒரு சிறு பகுதி உடலுக்குள் எத்தினைல் எஸ்ட்ராடையாலாக மாறுகிறது. முன்பு இரத்தம் உறைந்தவர்கள் இதைக் கடையில் கேட்டு வாங்கி விழுங்குவது கூடவே கூடாது. தோழிக்கு ஒத்துக்கொண்டது என்பது நமக்கும் ஒத்துக்கொள்ளும் என்பதற்குச் சான்றாகாது.

கர்ப்பப்பை உள்ளவருக்கு இரண்டாவது மருந்து ஏன்?

ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையின் உட்படலத்தை வளரச் செய்யும். இயற்கையான மாதச் சுழற்சியில் அதன்பின் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் அவ்வளர்ச்சியை நிறுத்தி, படலத்தைப் பக்குவப்படுத்தி, மாதவிலக்காக வெளியேற வழிசெய்கிறது. மருந்தாக ஈஸ்ட்ரோஜனை மட்டும் தொடர்ந்து கொடுத்தால் படலம் தடித்துக்கொண்டே போய், ஆண்டுகள் செல்லச் செல்லப் புற்றாக மாறும் வாய்ப்பு கூடுகிறது. அமெரிக்காவில் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுத்துவந்த பெண்களிடம் இப்புற்றுநோய் மிகுதியாக இருந்ததை 1975இல் வெளியான ஆய்வுகள் காட்டின. அன்றிலிருந்து, கர்ப்பப்பை உள்ள பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோன் வகை மருந்தையும் சேர்த்துக் கொடுப்பது கட்டாய விதியாயிற்று. அதை மாதந்தோறும் 12 முதல் 14 நாட்கள் கொடுப்பார்கள், அல்லது நாள்தோறும் கொடுப்பார்கள். லெவோநார்ஜெஸ்ட்ரல் சுரக்கும் கருப்பைச் சாதனமும் அதே வேலையைச் செய்யும்.

நடைமுறையில் பிசகு நேர்வது இவ்விடத்தில்தான். இரண்டு மாத்திரைகளுக்கும் சேர்த்துப் பணம் போதாதபோது, அல்லது இரண்டாவது மாத்திரை தலைசுற்றலையோ தூக்கக் கலக்கத்தையோ தரும்போது, சூட்டலையைத் தணிக்கும் முதல் மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. உடனே எந்தத் தொல்லையும் தெரியாது, சூட்டலையும் அடங்கியே இருக்கும், ஆகவே சரியாகத்தான் செய்கிறோம் என்ற எண்ணம் வலுப்படும். காப்பாக இருந்த மருந்தைக் கைவிட்டுவிட்டோம் என்பது இரத்தப்போக்கு வந்த பிறகே தெரியும். பணமோ ஒவ்வாமையோ தடையாக இருந்தால் அதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்வதில் கூச்சம் தேவையில்லை. புரோஜெஸ்டிரோனை இரவு படுக்கப்போகும்போது எடுப்பது, வேறு வகைக்கு மாறுவது என்று வழிகள் இருக்கின்றன. கர்ப்பப்பை எடுக்கப்பட்டவருக்குப் பொதுவாக இந்த இரண்டாவது மருந்து தேவைப்படாது.

உடலுக்குள் நுழையும் வழி

மாத்திரையாக விழுங்கிய ஈஸ்ட்ரோஜன் குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குச் செல்கிறது. அங்கே இரத்தம் உறைவதற்கான புரதங்களையும் ட்ரைகிளிசரைடு கொழுப்பையும் கூட்டிவிட்டே உடலெங்கும் பரவுகிறது. தோலில் தடவும் ஜெல்லும் ஒட்டுப்பட்டையும் கல்லீரலை முதலில் தொடாமல் இரத்தத்தில் கலக்கின்றன. வழக்கமான அளவில் தோல்வழி எஸ்ட்ராடையாலை எடுத்த பெண்களிடம் உறைகட்டி அதிகரிக்கவில்லை என்று பிரான்சில் நடந்த ஆய்வு உள்ளிட்ட பல கண்காணிப்பு ஆய்வுகள் காட்டியுள்ளன. உடல் பருமன், ட்ரைகிளிசரைடு மிகுதி, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குத் தோல்வழியை மருத்துவர்கள் விரும்பித் தேர்வது இதனால்தான். விலை கூடுதலாக இருக்கலாம், சிற்றூர்க் கடைகளில் சொல்லிவைத்து வரவழைக்க வேண்டியிருக்கலாம். இருந்தாலும் இப்படியொரு வழி உண்டா என்று மருத்துவரிடம் கேட்டுப் பார்ப்பது தகும்.

பாம்பன் சின்னப்பாலம் போன்ற ஊர்களில் கடலில் இறங்கிப் பாசி எடுக்கும் பெண்களுக்கு இதில் தனிக் கவனம் வேண்டும். ஜெல்லைத் தடவியதும் நன்றாக உலரவிட வேண்டும். குறைந்தது ஒரு மணி நேரம் அவ்விடத்தில் தண்ணீர் படக் கூடாது. விடியலில் படகேறுபவர்கள் வேலை முடிந்து குளித்துத் துவட்டிய பிறகு மாலையில் தடவிக்கொள்ளலாம். நாள்தோறும் ஏறத்தாழ அதே நேரமாக இருந்தால் போதும். கையிலோ தொடையிலோதான் தடவ வேண்டும், மார்பில் தடவக் கூடாது. தடவிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தடவிய இடத்தில் குழந்தையின் உடல் உரசாமல் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். தாயின் தோலிலிருந்து மருந்து பட்டுச் சிறு குழந்தைகளுக்கு மார்பு வளர்ந்த நிகழ்வுகள் மருத்துவ உலகில் பதிவாகியிருக்கின்றன. ஒட்டுப்பட்டை வியர்வையிலும் உப்புநீரிலும் பிரிந்துவிடக்கூடும் என்பதால், நீரில் நிற்கும் வேலை செய்பவர்களுக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது என்பது என் எண்ணம்.

மூன்றாவது வழி, பிறப்புறுப்பினுள் பயன்படுத்தும் எஸ்ட்ரியால் கிரீம். மாதவிடாய் நின்ற பின் வரும் வறட்சி, எரிச்சல், உறவின்போது வலி, அடிக்கடி திரும்பிவரும் சிறுநீர்த் தொற்று ஆகியவற்றுக்கு இது நல்ல பலன் தருகிறது. உடலெங்கும் பரவும் அளவு மிகக் குறைவு என்பதால், சொன்ன அளவில் பயன்படுத்தும்போது பொதுவாக உடன் புரோஜெஸ்டிரோன் தேவைப்படாது. நீர்க்கடுப்பு வந்து வந்து போகிறது என்று மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் விழுங்கும் வயதான தாய்மார்கள் ஒருமுறையாவது இதைப் பற்றி மகப்பேறு மருத்துவரிடம் கேட்க வேண்டும். வெட்கத்தால் சொல்லாமல் விட்ட ஒரு தொல்லை, தீர்வு இருந்தும் ஆண்டுக்கணக்கில் அவர்களை வருத்திக்கொண்டிருப்பது எனக்குப் பெருந்துயரமாகவே படுகிறது.

2002இன் அச்சம்

ஹார்மோன் மாத்திரை எடுத்தால் மார்பகப் புற்றுநோய் வரும் என்று பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். இதன் வேர் அமெரிக்காவில் நடந்த பெண்கள் நல முனைவு என்னும் பெரிய ஆய்வில் இருக்கிறது. கர்ப்பப்பை உள்ள 16,608 பெண்களில் ஒரு பாதியினருக்குக் குதிரைச் சிறுநீர் ஈஸ்ட்ரோஜனும் மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் என்ற புரோஜெஸ்டிரோன் வகை மருந்தும் சேர்ந்த மாத்திரையும், மறு பாதியினருக்கு மருந்தில்லாத மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2002இல் அப்பகுதியை முன்கூட்டியே நிறுத்தினார்கள். ஓராண்டில் 10,000 பெண்களுக்கு என்ற கணக்கில், மருந்து எடுத்தவர்களிடம் மார்பகப் புற்றுநோய் 8, பக்கவாதம் 8, நுரையீரல் உறைகட்டி 8, மாரடைப்பு போன்ற இதய நிகழ்வுகள் 7 கூடுதலாக இருந்தன; இடுப்பெலும்பு முறிவு 5, பெருங்குடல் புற்றுநோய் 6 குறைவாக இருந்தன.

இக்கணக்கைப் படிக்கும்போது அப்பெண்களின் சராசரி வயது 63 என்பதை நினைவில் வைக்க வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் கழித்து மருந்தைத் தொடங்கியவர்கள். கர்ப்பப்பை எடுக்கப்பட்ட 10,739 பெண்களில் ஏறத்தாழ ஒரு பாதியினர் ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்த மற்றொரு பகுதி 2004இல் நிறுத்தப்பட்டது. அதில் பக்கவாதம் கூடியிருந்தது, மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. இவற்றையும் பின்வந்த ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்து இன்று மருத்துவர்கள் வந்துள்ள முடிவு இது: 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்ற பத்து ஆண்டுகளுக்குள், கடுமையான தொல்லைகளுக்காகத் தொடங்கும் நலமான பெண்ணுக்குப் பொதுவாக நன்மையே மிகுதி, வயது ஏறிய பின் மருந்தைத் தொடங்கினால் தீமை மிகுகிறது, இரு மருந்துகளையும் சேர்த்து எடுக்கும் ஆண்டுகள் நீள நீள மார்பகப் புற்றுநோய்க்கான வாய்ப்பும் உயர்கிறது. அச்சமே இல்லாமல் விழுங்குவதும் தவறு, அச்சத்தால் தேவைப்படுபவர் ஒதுங்கி நிற்பதும் தவறு.

தொடங்குமுன் சொல்ல வேண்டியவை

மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர்கள், மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், கடுமையான கல்லீரல் நோய் உள்ளவர்கள் ஆகியோருக்குப் பொதுவாக இம்மருந்து கொடுப்பதில்லை. இரத்தம் உறைந்த வரலாறு தமக்கோ, பெற்றோர், உடன்பிறந்தோருக்கோ இருந்தால் மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும். புகைபிடித்தலையும் புகையிலை போடுவதையும் மறைக்கக் கூடாது. இரத்த அழுத்தம் அளந்து கட்டுக்குள் இருப்பதை உறுதிசெய்த பிறகே தொடங்குவார்கள். 2021இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் வீடு தேடி வந்து இரத்த அழுத்தம் பார்க்கும்போது, அந்த எண்ணைத் தேதியோடு ஒரு நோட்டில் குறித்துவைத்து, ஹார்மோன் எழுதும் மருத்துவரிடம் காட்டினால் அவருக்கு அது மிகப் பயனுள்ளதாக இருக்கும்.

பிற மருந்துகளையும் சொல்ல வேண்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசெபைன் ஆகியவை ஈஸ்ட்ரோஜனை விரைவாகச் சிதைத்துப் பலனைக் குறைத்துவிடும். கருத்தடை மாத்திரையை நம்பியிருப்பவர் இதை அறியாமல் கருத்தரித்துவிடக்கூடும். தைராய்டு மாத்திரை எடுப்பவர் ஈஸ்ட்ரோஜனை வாய்வழி தொடங்கினால் தைராய்டு மருந்தின் அளவைக் கூட்ட வேண்டி வரலாம். ஆகவே சில வாரங்களில் தைராய்டின் நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். பரிசோதனையைத் திரும்பச் செய்துபார்க்க வேண்டும். முடி வளர்ச்சிக்கென்று விற்கும் பயோட்டின் மாத்திரை ஹார்மோன் இரத்தப் பரிசோதனைகளின் முடிவைத் தவறாகக் காட்டிவிடும் என்பதால், அதை எடுப்பவர் பரிசோதனைக்கு முன்பே தெரிவிக்க வேண்டும்.

கீழக்கரை, தொண்டி போன்ற ஊர்களில் வளைகுடா நாடுகளிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் உறவினர் கொண்டுவரும் மருந்துகள் வீட்டில் இருப்பது இயல்பு. வேற்றுநாட்டு அட்டையில் பெயரும் அளவும் வேறாக இருக்கும். ஒரே பெயரில் ஈஸ்ட்ரோஜன் மட்டும் உள்ள அட்டையும், இரண்டும் கலந்த அட்டையும் இருக்கலாம். அவற்றை மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ காட்டாமல் தொடக்கூடாது.

அன்றாடப் பயன்பாட்டில்

மாத்திரையை நாள்தோறும் ஒரே நேரத்தில் எடுப்பது நல்லது. மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகச் சேர்த்து எடுக்க வேண்டியதில்லை. (கருத்தடை மாத்திரைக்கு விதி வேறு, அதன் அட்டையோடு வரும் குறிப்பைப் படிக்க வேண்டும்.) ரமலான் நோன்பு நோற்பவர்கள் நாளுக்கு ஒருமுறை எடுக்கும் எஸ்ட்ராடையால் மாத்திரையைச் சஹர் வேளைக்கோ நோன்பு திறந்த பின்னரோ மாற்றிக்கொள்ளலாம், மருத்துவரிடம் ஒரு சொல் கேட்டுக்கொண்டால் போதும், மாதம் முழுவதும் நிறுத்திவிட வேண்டிய தேவை இல்லை. தகரக் கூரையின் கீழ் அலமாரியின் மேல்தட்டில் மருந்தை வைப்பதும், வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைப்பதும் தவறு. அட்டையில் குறித்துள்ள வெப்பநிலைக்குள் இருக்கும்படி, வீட்டின் குளிர்ந்த மூலையில், ஈரம் படாத டப்பாவில் வைக்க வேண்டும்.

சில அறிகுறிகள் தென்பட்டால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலிப்பது. திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தும் வலி, இருமலில் இரத்தம். முகம் ஒரு பக்கம் கோணுவது, கை தொங்குவது, பேச்சு குழறுவது. இதுவரை கண்டிராத கடுந்தலைவலி, பார்வை மங்குவது ஆகியவை அவை. நாளெல்லாம் வலை இழுத்த கால் வலிதானே, கடலில் நின்ற கால் வலிதானே என்று தைலம் தேய்த்துக்கொண்டிருப்பதில் நேரம் போய்விடும். உழைப்பால் வரும் வலி பெரும்பாலும் இரு கால்களிலும் இருக்கும், ஓய்வில் குறையும். உறைகட்டியின் வலி அப்படிக் குறையாது, வீக்கமும் ஒரு காலிலேயே நிற்கும். உறைகட்டி உள்ள காலைத் தேய்த்துவிடுவதே ஆபத்து. உடனே 108ஐ அழைத்து, ஈஸ்ட்ரோஜன் எடுக்கிறேன் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும். இராமேசுவரம் தீவிலிருந்து மாவட்டத் தலைநகரின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் செல்ல வேண்டும் என்பதையும் கணக்கில் கொண்டு முந்திக்கொள்ள வேண்டும்.

மாதவிடாய் முற்றிலும் நின்ற பிறகு வரும் எந்த இரத்தப்போக்கும், மார்பில் புதிதாகத் தட்டுப்படும் கட்டியும், கண் மஞ்சளாவதும் அதே நாளில் ஆம்புலன்சுக்கு உரியவை அல்ல. ஆனால் அதே வாரத்தில் மருத்துவரிடம் காட்ட வேண்டியவை. ஹார்மோனைத் தொடங்கிய முதல் சில மாதங்களில் சிறு கசிவு வரக்கூடும் என்றாலும், அதை அளவும் தேதியும் குறித்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சென்னைக்கு இரவு முழுவதும் இரயிலிலோ பேருந்திலோ செல்பவர்கள் இடையிடையே எழுந்து நடப்பதும் தண்ணீர் குடிப்பதும் நல்லது. பெரிய அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள், மருந்தைச் சில வாரங்களுக்கு முன் நிறுத்த வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும்.

திருநங்கைகளுக்கு

மருத்துவமனை வாசலில் கிடைத்த அவமதிப்பால், கடையில் கிடைக்கும் கருத்தடை மாத்திரையை நாளுக்கு இரண்டு, நான்கு என்று விழுங்கியே உடல் மாற்றத்தைத் தேடும் திருநங்கைகள் இருக்கிறார்கள். குற்றம் அவர்களுடையதன்று, ஆனால் விளைவு அவர்களுடைய உடலில்தான் விழுகிறது. மேலே சொன்ன எத்தினைல் எஸ்ட்ராடையால் பல மடங்காகச் சேரும்போது உறைகட்டிக்கான வாய்ப்பு மிகவும் உயர்கிறது. அதனால் திருநங்கைகளுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று உலகளாவிய வழிகாட்டுதல்கள் தெளிவாகக் கூறுகின்றன. அவர்களுக்கு எழுதப்படுவது எஸ்ட்ராடையால். உடன் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை அடக்கும் மருந்து ஒன்றும் இருக்கும். முதல் ஆண்டில் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும், பின்னர் ஆண்டுக்கு ஓரிரு முறையும் இரத்தப் பரிசோதனை செய்து, எஸ்ட்ராடையால் மில்லிலிட்டருக்கு 100 முதல் 200 பிகோகிராமுக்குள்ளும், டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழும் இருக்கும்படி அளவைச் சரிசெய்வது 2017இல் அமெரிக்க எண்டோகிரைன் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதலின் முறை.

அளவைக் கூட்டினால் மார்பகம் விரைவாக வளரும் என்பது தவறான நம்பிக்கை. வளர்ச்சி இரண்டு மூன்று ஆண்டுகளில் தன் போக்கில் நிறைவடைகிறது. கூடுதல் மருந்து கூடுதல் ஆபத்தையே தரும். ஊசி போட்டுக்கொள்பவர்கள் ஒருவர் ஊசியை மற்றவர் பயன்படுத்தவே கூடாது. டெஸ்டோஸ்டிரோனை அடக்க ஸ்பைரோனோலாக்டோன் எடுப்பவர்களுக்கு இரத்தத்தில் பொட்டாசியம் உயரக்கூடும். இக்கரையில் தாகத்துக்கு இளநீர் குடிப்பது வழக்கம் என்பதாலும், இளநீரில் பொட்டாசியம் மிகுதி என்பதாலும், இரத்தத்தின் பொட்டாசியத்தைப் பரிசோதித்து, இளநீரை மருத்துவர் சொல்லும் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். விந்து உற்பத்தி குறைந்து, திரும்பாமலும் போகலாம் என்பதால், பிள்ளை பெறும் விருப்பம் இருப்பவர்கள் தொடங்குமுன்பே அதைப் பற்றிப் பேச வேண்டும். விரைகளை அகற்றும் அறுவை சிகிச்சைக்குப் பின் ஈஸ்ட்ரோஜனையும் நிறுத்திவிட்டால் எலும்பு தேயும். அளவு மாறலாம், ஆனால் மருந்து தொடர வேண்டும். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் சென்னை இராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் திருநங்கைகளுக்கான சிறப்புச் சிகிச்சைப் பிரிவுகள் இயங்குகின்றன. முதல் மருந்துச் சீட்டை அங்கே பெற்று, இடைப்பட்ட பரிசோதனைகளை உள்ளூரிலேயே செய்துகொள்ளலாமா என்று கேட்டால், நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பயணத்தையும் ஒரு நாள் கூலியையும் பலமுறை மிச்சப்படுத்தலாம்.

எத்தனை ஆண்டுகள், எப்படி நிறுத்துவது?

எல்லோருக்கும் பொதுவான ஒரு கெடு கிடையாது. சூட்டலைக்காக எடுப்பவர் ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவரைப் பார்த்து, இரத்த அழுத்தம், மார்பகப் பரிசோதனை, வயதுக்கேற்ற மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) ஆகியவற்றை முடித்து, இன்னும் தேவையா, அளவைக் குறைக்கலாமா என்று பேசி முடிவெடுக்க வேண்டும். நிறுத்தும்போது சில மாதங்களில் படிப்படியாகக் குறைத்தால், திரும்பிவரும் சூட்டலை சற்று மென்மையாக இருக்கக்கூடும். பலருக்கு அது சில வாரங்களில் அடங்கிவிடும். சிலருக்கு மீண்டும் குறைந்த அளவில் தொடர வேண்டியிருக்கும். ஆபத்து அறிகுறி தோன்றி மருத்துவர் நிறுத்தச் சொன்னால் மட்டும் படிப்படி என்ற பேச்சுக்கு இடமில்லை, அன்றே நிறுத்த வேண்டும். மாத்திரையை நிறுத்திய பிறகும் பிறப்புறுப்பு வறட்சிக்கான எஸ்ட்ரியால் கிரீமைத் தொடரலாம். அதை நிறுத்தினால் வறட்சி பெரும்பாலும் திரும்ப வருகிறது. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர் அந்தக் கிரீமைக்கூடப் புற்றுநோய் மருத்துவரின் ஒப்புதலோடுதான் தொடங்க வேண்டும்.